வேண்டாங்க, நன்றிங்க

ஜூன் 3, திங்கள்

காலையில் எழுந்ததும் புகார்ப் பக்கத்தைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. பல் துலக்குவதற்கு முன்னால் குப்பைத் தொட்டியைக் கிளறியது போலாகிவிட்டது.

ஒருவர் "வேலை செய்யவில்லை" என்று எழுதியிருக்கிறார். அவ்வளவுதான். எது வேலை செய்யவில்லை? போனா, ஆப்பா, இவரா? இன்னொருவர் தன் போன் திரையை வேறொரு போனால் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். படத்தின் ஓரத்தில் பாதி தின்ற பிரியாணித் தட்டு, கடித்த எலும்பு, திரை மேல் எண்ணெய் விரல் தடம். ச்சீ! மூன்றாமவருக்கு ஆப்பின் நிறத்தை அவருடைய கட்சிக்கொடி நிறத்துக்கு மாற்ற வேண்டுமாம். அவசரமாம். இன்னொரு மகராசனுக்கு ராசிபலன் வேண்டும். வாய் பேச வராதவர்களுக்கான ஆப்பில் ராசிபலன்!

நானும் பிரிட்டோவும் சேர்ந்து இந்தப் பேச்சுப்பலகையைச் செய்து இலவசமாக விட்டிருக்கிறோம். படத்தைத் தொட்டால் போன் அந்த வார்த்தையைச் சொல்லும். பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள், பிறவியிலேயே பேச்சு வராதவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே எழுதியிருக்கும் நிரலையும் நாங்கள் மூடி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். கோளாறு இருந்தால் எழுத, புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் கேட்க, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கம்தான் எனக்குப் பிடித்த கெரகம்.

பக்கத்தின் தலையிலேயே மூன்று கேள்வி போட்டு வைத்திருக்கிறேன். என்ன செய்தீர்கள்? என்ன எதிர்பார்த்தீர்கள்? என்ன நடந்தது? இதற்குப் பதில் எழுதினால் போதும், பாதிக் கோளாறை அரை மணியில் பிடித்துவிடலாம். ஒரு ஜென்மமும் எழுதுவதில்லை.

இன்றைக்கு ஒருத்தி மட்டும் மனுஷி மாதிரி எழுதியிருந்தாள். பெயர் பவித்ரா, சிங்காநல்லூர்.

"வணக்கம் அக்கா. எங்க அத்தைக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்னு போச்சுங்க. இப்ப உங்க பலகைதான் அவங்க வாய். எக்சர்சைஸ் குடுக்க ஒரு தம்பி வீட்டுக்கு வர்றார். அவர் வந்ததுல இருந்து போற வரைக்கும் அத்தை 'வேண்டாங்க, நன்றிங்க'ன்னு அழுத்திட்டே இருப்பாங்க. சமையக்கட்டு வரைக்கும் கேக்கும். அவ்வளவு மரியாதை அவங்களுக்கு. கை சரியா வராததால பட்டனைத் தேடறாங்க. அந்த ஒண்ணை மட்டும் பெருசு பண்ணித் தர முடியுங்களா?"

படித்ததும் மனது குளிர்ந்தது. ஏனென்றால் அந்தக் குரல் என் குரல். பலகையில் உள்ள அத்தனை வார்த்தையும் நான் பேசிப் பதிந்தவை. முடிந்த இடத்திலெல்லாம் 'ங்க' போட்டுத்தான் பேசியிருக்கிறேன். கோயமுத்தூர்க்காரி வேறெப்படிப் பேசுவாள்? சாயங்காலமே உட்கார்ந்து அந்தப் பட்டனை இரண்டு பங்கு பெரிதாக்கி அனுப்பிவிட்டேன். மரியாதையாகக் கேட்டால் செய்து கொடுப்பதில் எனக்கு என்ன கஷ்டம்?

அலுவலகத்தில் என் நாற்காலியைச் சுவரோரம் மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது முதுகுக்குப் பின்னால் நடைபாதை.

ஜூன் 4, செவ்வாய்

பால்கனி முழுக்கப் புறா எச்சம். காய்ந்ததைச் சுரண்டினால் தூள் பறந்து மூக்கில் ஏறுகிறது, காயாததைத் துடைத்தால் இழுபடுகிறது. குமட்டிக்கொண்டே கழுவினேன். என் வீட்டுக்காரர் தனபால் காபி டம்ளரோடு வந்து நின்று, "பாவம் அம்மணி, அதுங்களும் எங்கதான் போகும்?" என்கிறார். இவர் ஒருநாள் சுரண்டட்டும். அப்புறம் பாவம் பார்க்கலாம்.

புகார்ப் பக்கத்தில் புதுக் குப்பை ஒன்று. பெயர் இல்லை, தலைப்பு இல்லை. "கை. கை. வேண்டாங்க, நன்றிங்க. நன்றி. இல்லீங்க. கதவு." இதுதான் முழுப் புகாரும். ஏதோ குழந்தை கையில் போன் கிடைத்திருக்கிறது. பெற்றவர்கள் எங்கே போனார்களோ. மூடிவிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

அலுவலக ஃபிரிட்ஜில் யாரோ போன மாதத்துத் தயிர்சாதத்தை விட்டு வைத்திருக்கிறார்கள். திறந்ததும் பச்சைப் பூஞ்சை. மூடி வைத்துவிட்டு வந்து கையை மூன்று தரம் கழுவினேன்.

எங்கள் டீம் லீட் குலசேகர் சாருக்கு என் திரையில் என்ன ஓடுகிறது என்று அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது. பார்ப்பதற்குக் குனிய வேண்டியிருக்கிறது. தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கி வைத்தேன். பிரயோஜனமில்லை.

துப்பட்டாவை இரண்டு முறை துவைத்தேன். செண்ட் வாடை போகவில்லை. சோப்புத்தூளை மாற்ற வேண்டும்.

ஜூன் 7, வெள்ளி

அதே குப்பை மறுபடி. "கை. மேலே. நன்றி. இல்லீங்க. நன்றி. இல்லீங்க. நன்றி. இல்லீங்க."

இந்த முறை பதிலே எழுதினேன். "அன்புடையீர், இது விளையாட்டு இடமல்ல. மேலே உள்ள மூன்று கேள்விகளுக்குப் பதில் தந்தால் மட்டுமே உங்கள் புகார் கவனிக்கப்படும்." மூடினேன்.

ஜூன் 9, ஞாயிறு

பிரிட்டோ தூத்துக்குடியிலிருந்து பழைய கோரிக்கை ஒன்றைத் தூசி தட்டி அனுப்பியிருக்கிறான். திண்டுக்கல்லில் ஒரு சிறப்புப் பள்ளி டீச்சர் போன வருஷம் கேட்டது. பலகையில் கோபம், பிடிக்கலை, கிட்ட வராதே, திட்டு வார்த்தை இரண்டு மூன்று சேர்க்க வேண்டும் என்று. நான் அப்போதே 'செய்வதற்கில்லை' என்று எழுதி மூடிவிட்டேன். இன்றைக்கும் அதையேதான் சொன்னேன்.

படுக்கையில் கிடப்பவர்களுக்குத் தண்ணீர் வேண்டும், போர்வை வேண்டும், பாத்ரூம் போக வேண்டும். அவர்கள் யாரைத் திட்டப் போகிறார்கள்? குடும்பமாக உட்கார்ந்து பயன்படுத்துகிற ஆப்பில் கெட்ட வார்த்தையைப் போட்டு வைத்தால், கருமம், அதற்கும் பக்கம் பக்கமாகப் புகார் வரும். திட்ட வேண்டுமென்றால் என்னை மாதிரி ஒரு நோட்டு வாங்கி எழுதிக்கொள்ளட்டும்.

ஜூன் 11, செவ்வாய்

காலையிலிருந்து வரிசையாக அதே குப்பை. செவ்வாயும் வெள்ளியும் ஆனால் வந்துவிடுகிறது. அந்தப் போனிலிருந்து இனி எதுவுமே வராதபடி தடை போட்டுவிட்டேன். சனியன் விட்டது.

ஜூன் 12, புதன்

சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது பிரிட்டோ கூப்பிட்டான்.

"யக்கா, அந்தப் போனை என்னத்துக்குத் தடுத்தீங்க?"

"குப்பைடா அது. ஏதோ குழந்தை விளையாடுது."

"குழந்தைன்னா யானைய அமுக்கும், பலூன அமுக்கும். இது ஒரு பொம்மையக் கூட அமுக்கலையே, திரும்பத் திரும்பக் கைதான் வருது. நல்லாப் பாருங்க, எல்லாம் நம்ம பலகையில உள்ள வார்த்தை. கீழ 'குறை சொல்ல'ன்னு ஒரு பட்டன் வச்சோம்லா? அதை அமுக்குனா அதுக்கு முந்தி என்னத்தை அமுக்குனாங்களோ அது அப்பிடியே புகார்ப் பக்கத்துக்கு வந்துரும். இது பலகைய வச்சே பேசுத ஆளுக்கா. டைப் அடிக்க முடியாத ஆளு."

நான் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

"இன்னொண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது. எங்க ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்பான், சோலி முடிஞ்சுது. உங்க ஊர்லதான் வேண்டாம்னு சொல்லுததுக்கும் நன்றி சொல்லுவிய. அந்த ஆளு அந்த நன்றியத்தான் எடுக்கச் சொல்லுதுன்னு நெனைக்கேன்."

"மரியாதையாப் பேசறது உனக்கு அவ்வளவு எளக்காரமா இருக்குதா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். வெங்காயத்தில் கண் எரிந்தது. சாப்பிட்ட பிறகு தடையை எடுத்தேன். அவன் சொன்னதற்காக இல்லை. விதிமுறைப்படி ஒரு எச்சரிக்கை கொடுத்த பிறகுதான் தடை போட வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

காலையில் அந்தப் புகாரின் கீழே கேட்டேன். நீங்கள் பெரியவரா?

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "ஆமாங்க. அம்மா. மிளகாய். கடை."

மிளகாய்க் கடை வைத்திருந்த அம்மாள். சரி. உங்களுக்கு என்ன வேண்டும்?

"நன்றி. இல்லீங்க."

பிரிட்டோ சொன்னது சரிதான். அவனிடம் இதைச் சொல்லப்போவதில்லை. ஏன் நன்றி வேண்டாம் என்று கேட்டு வைத்திருக்கிறேன். 'ஏன்' என்பதற்குப் படத்தைத் தொட்டு எப்படிப் பதில் சொல்வார்கள் என்று அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

ஜூன் 14, வெள்ளி

சொல்லிவிட்டார்கள். மதியம் கேன்டீனில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன்.

"எக்சர்சைஸ். தம்பி. கை. போர்வை. உள்ளே. கை. மேலே. வேண்டாங்க, நன்றிங்க. வேண்டாங்க, நன்றிங்க. தம்பி. சிரிப்பு. மருமகள். பவித்ரா. சிரிப்பு."

வீட்டு மனிதர்களின் படத்தையும் பெயரையும் அவரவரே பலகையில் சேர்த்துக்கொள்ள நாங்கள் இடம் வைத்திருக்கிறோம். பவித்ரா. சிங்காநல்லூர் பவித்ரா. அவள் எழுதியதைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். அவர் வந்ததுல இருந்து போற வரைக்கும். சமையக்கட்டு வரைக்கும் கேக்கும். அவ்வளவு மரியாதை.

உடற்பயிற்சி கொடுக்க வருகிறவன் போர்வைக்குள் கையை விடுகிறான். இந்த அம்மாள் வேண்டாம் என்று அழுத்துகிறாள். என் குரல் குழைந்து குழைந்து அவனுக்கு நன்றி சொல்கிறது. அவன் சிரிக்கிறான். சமையற்கட்டில் மருமகளும் கேட்டுச் சந்தோஷப்படுகிறாள். அந்தப் பட்டனை இரண்டு பங்கு பெரிதாக்கிக் கொடுத்தது நான்.

தூ.

வாந்தி எடுத்துவிட்டேன். டப்பாவில் சாம்பார் கெட்டிருக்கும். ஏழு மணிக்கு வைத்தது, இந்த வெயிலில் தாங்காது.

ஜூன் 15, சனி

பவித்ராவின் நம்பர் அவள் கடிதத்திலேயே இருந்தது. நேற்றே கூப்பிட்டிருக்க வேண்டும். நான்கு முறை எடுத்து எடுத்து வைத்தேன். முன்பின் தெரியாத பெண்ணிடம் இதை எந்த வாயால் தொடங்குவது?

கடைசியில் இன்றைக்குச் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். "அக்கா, அந்தத் தம்பி ரொம்ப நல்ல பையனுங்க. அத்தையே வாய் நிறைய நன்றி சொல்றாங்களே. வேற யாராவதா இருக்கும்ங்க."

"பவித்ரா, நன்றி சொல்றது உங்க அத்தை இல்லீங்க. நான். சேலை பீரோவுக்குள்ள மைக்கை வச்சுட்டு உக்காந்து நான் பேசிப் பதிஞ்சது அது. உங்க அத்தைக்கு வேண்டாம்னு சொல்லணும்னா அந்தப் பலகையில அதை விட்டா வேற பட்டனே இல்லீங்க."

 அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

"அப்ப, இத்தனை நாளா அத்தை..." என்றவள் போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 16, ஞாயிறு

பவித்ராதான் கூப்பிட்டாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

அத்தையைக் கேட்டாளாம். எல்லாவற்றுக்கும் 'ஆமாங்க'. அந்தப் பையனை அனுப்பிய ஏஜென்சிக்குப் போன் போட்டு இனி அவன் வரக் கூடாது என்று சொன்னாளாம். அங்கே இருக்கிற மேடம், "நீங்க தப்பாப் புரிஞ்சுட்டீங்க. போன மாசம் நான் வந்தப்ப அந்தம்மா அவனுக்கு நன்றி சொன்னதை நானே காதால கேட்டேனே" என்றாளாம். எங்கே போனாலும் என் குரல் அவனுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டு திரிகிறது.

"அவனை நிறுத்தினதுக்கு அத்தை என்மேலதான் கோவமா இருக்காங்கக்கா," என்றாள் பவித்ரா.

"ஏனுங்க?"

"அவன் ஒரு தடவை வரணுமாம். வர்ற வெள்ளிக்கிழமை. அவங்க பையனும் லீவு போட்டுட்டு இருக்கணும், அந்த மேடமும் வந்து உக்காரணும். எல்லார் முன்னாடியும் அவங்க வாயாலயே சொல்லணுமாம். போலீசு கீலீசு எல்லாம் அப்புறம்தானாம். நாங்க அவங்களுக்காகப் பேசறதை அவங்க ஒத்துக்கல."

"அவங்க வாயாலன்னா?"

"உங்க வாய்தானுங்கக்கா."

ஆக, வெள்ளிக்கிழமைக்குள் பலகையில் அந்த வார்த்தை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு பேர் நடுவில் அந்த அம்மாள் அவன் முகத்தைப் பார்த்து மறுபடியும் நன்றிங்க என்றுதான் சொல்ல முடியும்.

ஜூன் 17, திங்கள்

எந்த வார்த்தை என்று கேட்டதற்கு லோகநாயகி அம்மாளிடமிருந்து, அதுதான் அவர் பெயர், வந்த பதில்: "மிளகாய். மூட்டை. திருடன்."

பவித்ரா விளக்கினாள். மிளகாய் மண்டியில் மூட்டையைக் கிழித்து உருவுகிறவனைப் பிடித்தால் அந்தம்மா ஒரு திட்டுத் திட்டுவாராம், தெருக்கோடி வரை கேட்குமாம். அது வேண்டும். ஆனால் எது என்று சொல்ல அவரால் முடியாது. அதனால் பவித்ரா தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை ஒவ்வொன்றாக ஒப்பிக்க, அவர் ஆமாங்க, இல்லீங்க என்று அழுத்தியிருக்கிறார்.

"மாமியாரை உக்கார வச்சு மருமக கெட்ட வார்த்தை ஒப்பிக்கிற கொடுமை எங்கயாவது உண்டுங்களா அக்கா? பாதிக்கு மேல எனக்குத் தெரியலைன்னதும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க," என்றாள். இத்தனைக்கும் நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்.

தேறியது இது. "ச்சீ! எடுடா கைய, நாயே!" இன்னும் இரண்டு தேறியிருக்கின்றன. அவற்றை இந்த நோட்டிலும் எழுத மாட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

பீரோவுக்குள் சேலைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினேன். வரவில்லை. 'ச்சீ' என்றால் காபியில் சர்க்கரை கம்மி என்பது போல வருகிறது. 'நாயே' என்பது நாய்க்குட்டியைக் கொஞ்சுவது போல வருகிறது. ஒரு தரம் என்னை அறியாமல் "எடுங்க" என்று வந்தது. தனபாலைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன்.

"பேங்க்ல டோக்கன் நம்பர் கூப்பிடற புள்ளையாட்டவே இருக்குது அம்மணி," என்றார்.

பிரிட்டோவுக்கு அனுப்பினேன். "யக்கா, இதைக் கேட்டா அவன் இன்னொரு காபி குடிச்சிட்டுத்தான் போவான்" என்று எழுதியிருக்கிறான். வேறு பெண்ணைப் பேச வைக்கலாமா என்று கேட்கிறான். முடியாது. நன்றி சொன்ன அதே குரல்தான் இதையும் சொல்ல வேண்டும்.

நாள் முழுக்க ஊரை ச்சீ, தூ என்று எழுதித் தள்ளுகிறேன். ஒரு மைக் முன்னால் சொல்ல வரவில்லை. என்ன பிறவி நான்?

ஜூன் 19, புதன்

மாதாந்திர மீட்டிங். போய்ச் சேர்ந்தபோது குலசேகர் சார் பக்கத்து நாற்காலி மட்டும்தான் காலியாக இருந்தது. நீளமான மேசை, கீழே யாருக்கும் ஒன்றும் தெரியாது. மீட்டிங் இழுத்துக்கொண்டே போனது. முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். "லேட்டாயிடுச்சு, சாரிம்மா" என்றார். "பரவாயில்லைங்க சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் பீரோவைத் திறந்து மைக்கைப் போட்டேன். ஒரே தடவை. மூன்றும் வந்துவிட்டது.

தனபால் கரண்டியோடு ஓடி வந்தார். "யாரை அம்மணி திட்டற?"

"ஆப்புக்குப் பதியறேன்."

அவர் போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நேத்து வரலையே. இன்னைக்கு எப்படி வந்துச்சு?"

"பருப்பு தீயுது, போய்ப் பாருங்க."

பருப்பு நிஜமாகவே தீய்ந்துவிட்டிருந்தது. பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கிறது. அவர் அப்புறமும் ஒருமுறை கேட்டார். தலைவலி என்று சொன்னேன்.

ஜூன் 20, வியாழன்

புதுப் பதிப்பை வெளியிட்டாயிற்று. 'வேண்டாம்' என்று ஒரு பட்டன், நன்றி இல்லாமல். 'வேண்டாங்க, நன்றிங்க' பழைய அளவுக்குச் சிறியதாகி ஒரு ஓரத்துக்குப் போய்விட்டது. அது இருந்த பெரிய இடத்தில் சிவப்பாக 'ச்சீ'. திண்டுக்கல் டீச்சரின் பழைய கோரிக்கையையும் திறந்து, 'செய்தாகிவிட்டது' என்று எழுதினேன். 'தாமதத்துக்கு' என்று தொடங்கி, அழித்துவிட்டேன்.

பவித்ரா தன் கையாலேயே அத்தையின் போனில் ஏற்றிக் கொடுத்தாளாம். அந்தம்மா ஒருமுறை அழுத்திக் கேட்டுவிட்டு, காலையிலிருந்து சாப்பிடாத இட்லியைக் கொண்டுவரச் சொன்னாராம்.

ஜூன் 21, வெள்ளி

இன்றைக்கு வேலையே ஓடவில்லை. போனை மடியிலேயே வைத்திருந்தேன். பன்னிரண்டு மணிக்குப் பவித்ரா கூப்பிட்டாள். படிக்கட்டுக்கு ஓடினேன்.

அவன் வழக்கம்போலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஏஜென்சி மேடம் சோபாவில். மகன் ஜன்னலோரம். ஆட்களைப் பார்த்துவிட்டு இன்னும் பவ்யமாக, "என்னங்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று போர்வையைச் சரி செய்யப் போயிருக்கிறான்.

"அத்தை அமுக்கினாங்க பாருங்கக்கா! 'ச்சீ! எடுடா கைய, நாயே!' எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. அவன் கைய இழுத்துக்கிட்டு, 'அம்மாவுக்குப் பட்டன் மாறிப் போச்சுங்க மேடம்'னு சிரிச்சான். அத்தை மறுபடி அமுக்கினாங்க. மறுபடி. அவன் சிரிப்பு நிக்கற வரைக்கும் விடல. அப்புறம் ஒவ்வொண்ணா அமுக்கினாங்க. தம்பி, கை, போர்வை, உள்ளே. அந்த மேடம் எழுந்து கிட்ட வந்து, 'நெசமாங்கம்மா?'ன்னு கேட்டாங்க. 'ஆமாங்க'ன்னு அமுக்கினாங்க. எங்க வீட்டுக்காரர் போய் வாசல் கதவைச் சாத்திட்டு அங்கயே நின்னுக்கிட்டார், அவன் ஓடிடக் கூடாதுன்னு."

இப்போது மகளிர் காவல் நிலையத்திலிருந்துதான் பேசுகிறாளாம். அத்தையைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருக்கிறார்கள். உள்ளே வாக்குமூலம் நடந்துகொண்டிருக்கிறது. மருமகள் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லப் போனதற்கு, 'பவித்ரா. வெளியே' என்று அழுத்தினாராம்.

படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். எழுந்தபோது குர்தாவின் பின்னால் வெற்றிலைக் கறை. எவனோ துப்பி வைத்திருக்கிறான், படுபாவி.

ஜூன் 22, சனி

புகார்ப் பக்கத்தில் லோகநாயகி அம்மாளிடமிருந்து புதுக் கோரிக்கை. "ச்சீ. சத்தம். பெரிசு. வேணும்."

கேட்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா? ஒரு வார்த்தை நன்றி உண்டா? இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நாளைக்கே உட்கார்ந்து கூட்டிக் கொடுத்துவிடுவேன்.

ஜூன் 24, திங்கள்

சத்தம் கூட்டிய பதிப்பைச் சோதித்தேன். ஊரையெல்லாம் முறைப்படி எழுதச் சொல்கிறவள் நானும் முறைப்படியே எழுதுகிறேன்.

என்ன செய்தேன்? போனை அலுவலக மேசை மேல் வைத்திருந்தேன். பதினோரு மணிக்குக் குலசேகர் சார் என் திரையைப் பார்க்க வந்தார். குனிந்தார். கை என் தோளுக்கு வந்து அங்கிருந்து கீழே இறங்கத் தொடங்கியதும் பட்டனை அழுத்தினேன். பெரிய பட்டன், தேட வேண்டியதில்லை.

என்ன எதிர்பார்த்தேன்? பக்கத்து மேசை வரைக்கும் கேட்கும் என்று.

என்ன நடந்தது? மாடி முழுக்கக் கேட்டது. கீபோர்டு சத்தம் அத்தனையும் நின்றது. அவர் கையை எடுத்துவிட்டு, "என்னம்மா இது, விளையாட்டா?" என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். தோளைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி மறுபடி கையைக் கொண்டு வந்தார்.

இரண்டாவது முறை போனைத் தொடவில்லை. எழுந்து நின்று நானே சொன்னேன். 'ங்க' போடவில்லை.

மதியம் ஹெச்.ஆர். அறையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். எனக்கு முன்னாலேயே அக்கவுண்ட்ஸ் நிர்மலா அங்கே உட்கார்ந்து அதே ஆளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். வரும் வழியில், நாற்காலியை மாற்றித் தரச் சொல்லி நான் போட்டிருந்த கோரிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.